சீட்டிழுப்புச் சேமிப்பு: வட்டிக்கு மாற்றா, வட்டியின் மறுவடிவமா?

திருகோணமலையில் பிரதான வீதி, மத்திய வீதி, உட்துறைமுக வீதிப் பக்கங்களில் கடை வைத்திருக்கும் எமது சகோதரர்கள் சிலருக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது எனது தொழில். வருட முடிவில் அவர்களது வங்கிக் கூற்றுக்களைப் புரட்டும்போது ஒரு விடயம் அடிக்கடி கண்ணில் படுகிறது. நடைமுறைக் கணக்கில் காசு வந்து போய்க்கொண்டிருக்கும். பக்கத்தில் இன்னொரு சேமிப்புக் கணக்கில் மூன்று இலட்சமோ ஐந்து இலட்சமோ மாதக்கணக்கில் அசையாமல் கிடக்கும். காரணம் கேட்டால், “அது சீட்டிழுப்புக் கணக்கு நானா. எடுத்தால் வாய்ப்புக் குறைந்துபோகும்” என்று பதில் வருகிறது.

இவ்வாறு காசு வைத்திருப்போரில் இரு சாரார் உள்ளனர். முதல் சாரார் வட்டியைத் தவிர்க்க விரும்புவோர். “வட்டி ஹராம், அதனால் வட்டிக் கணக்கு வேண்டாம். பரிசு என்பது வங்கி தரும் அன்பளிப்புத்தானே?” என்பது அவர்களின் வாதம். இரண்டாவது சாரார் மார்க்க விடயத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு, “சாதாரணக் கணக்கில் கிடைக்கும் வட்டி சொற்பம். அதைவிட ஒரு காரோ பத்து இலட்சமோ விழ வாய்ப்பிருப்பது நல்லதுதானே?” என்று கேட்கின்றனர். இரண்டு கேள்விகளுக்கும் விடை காண, பரிசுக்கான காசு எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் அறிய வேண்டும்.

பரிசுக் காசு எங்கிருந்து வருகிறது?

எமது நாட்டுக்கு இத்திட்டங்கள் புதியவை அல்ல. ஹட்டன் நெஷனல் வங்கியின் ‘பதும் விமன’ போன்ற சேமிப்புத் திட்டங்கள் 2000களில் வீடு, வாகனம் என்று பரிசுகளை அறிவித்துப் பிரபலமாயின. பொதுவாக இவ்வகைக் கணக்குகளில் குறிப்பிட்ட தொகைக்கு ஒரு வாய்ப்பு என்று கணக்கிடுவார்கள். அந்த மீதியைக் குறிப்பிட்ட காலம் குறையாமல் வைத்திருக்க வேண்டும். முதல் பத்திரமாக இருக்கும். வட்டி மட்டும் குறைவாகவோ முற்றாக இல்லாமலோ இருக்கும்.

விளங்குவதற்காக ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆயிரம் பேர் ஆளுக்கு ஓர் இலட்சம் ரூபா வீதம் வைப்புச் செய்கிறார்கள். மொத்தம் பத்துக் கோடி. சாதாரணச் சேமிப்புக் கணக்கில் ஆண்டுக்கு 3 சதவீதம் என்றால் வங்கி 30 இலட்சம் வட்டி கொடுக்க வேண்டும். சீட்டிழுப்புக் கணக்கில் 1 சதவீதம் மட்டும் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது 10 இலட்சம். மிச்சமான 20 இலட்சத்தில் 12 இலட்சத்தைப் பரிசாக ஒதுக்குகிறது: ஐந்து இலட்சத்தில் ஒரு பரிசு, ஓர் இலட்சத்தில் ஏழு பரிசுகள். மீதி 8 இலட்சம் விளம்பரத்துக்கும் வங்கியின் கணக்குக்கும் போய்விடும்.

இப்போது ஆயிரம் பேரையும் பாருங்கள். எட்டுப் பேருக்குப் பரிசு. மற்ற 992 பேருக்கும் ஆளுக்கு ஆயிரம் ரூபா. சாதாரணக் கணக்கில் அவர்கள் ஒவ்வொருவருக்கும் மூவாயிரம் வந்திருக்கும். (வட்டியிலிருந்து பிடிக்கப்படும் வரி 2023 ஜனவரியிலிருந்து 5 சதவீதமாகவும் 2025 ஏப்ரலிலிருந்து 10 சதவீதமாகவும் இருப்பதால், கைக்கு வருவது இரண்டிலும் இன்னும் குறையும்.) எட்டுப் பேர் வென்ற 12 இலட்சமும் வங்கி முதலாளியின் சட்டைப்பையிலிருந்து வந்ததல்ல. ஆயிரம் பேருக்கும் கொடுக்காமல் விட்ட வட்டியிலிருந்து வந்தது.

வங்கிக்கு வங்கி இலக்கங்கள் மாறும், வட்டி வீதமும் காலத்துக்குக் காலம் ஏறி இறங்கும். ஆனால் அமைப்பு இதுதான்.

பிரித்தானியாவும் தென்னாபிரிக்காவும்

உலகில் மிகப் பெயர்பெற்ற பரிசுச் சேமிப்பு பிரித்தானியாவின் ‘பிரீமியம் பொண்ட்’. 1956ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அன்றைய நிதியமைச்சர் ஹரல்ட் மக்மிலன் இதை அறிவித்தார். அதே ஆண்டு நவம்பர் முதலாம் திகதி விற்பனை தொடங்கியது. முதலாவது சீட்டிழுப்பு 1957 ஜூனில் ‘ஏர்னி’ என்ற இயந்திரத்தின் உதவியோடு நடந்தது. அரசாங்கமே சூதாட்டத்தை வளர்ப்பதா என்று எதிர்க்கட்சியினரும் கன்டர்பரிப் பேராயரும் அன்று கண்டித்தனர். முஸ்லிம் அல்லாத ஒரு நாட்டிலும் இந்தக் கேள்வி முதல் நாளிலேயே எழுந்தது என்பது கவனிக்கத்தக்கது.

இதில் வட்டி கிடையாது. வட்டியாகச் சேரும் தொகை ஒரு நிதியாகத் திரட்டப்பட்டு மாதந்தோறும் பரிசாகப் பிரிக்கப்படுகிறது. 2025 ஆகஸ்டில் அந்த நிதியின் வீதம் ஆண்டுக்கு 3.6 சதவீதம். ஒரு பவுண் பொண்டுக்கு ஒரு மாதத்தில் பரிசு விழும் வாய்ப்பு 22,000இல் ஒன்று. 3.6 சதவீதம் என்று கேட்டவுடன் ஆயிரம் பவுண் போட்டவருக்கு வருடத்தில் 36 பவுண் வரும் என்று நினைப்போம். ஆனால் மேற்படி வாய்ப்பை வைத்துக் கணக்குப் பார்த்தால், ஆயிரம் பவுண் வைத்திருக்கும் நூறு பேரில் ஏறக்குறைய 58 பேருக்கு அந்த வருடம் முழுவதும் ஒரு சதமும் விழாது. மாதந்தோறும் இருவருக்குக் கிடைக்கும் பத்து இலட்சம் பவுண் பரிசும் அந்தச் சராசரிக்குள் அடங்கியிருப்பதுதான் காரணம். சராசரி என்பது வேறு, உங்கள் கைக்கு வருவது வேறு.

தென்னாபிரிக்காவில் ஃபெர்ஸ்ட் நஷனல் வங்கி 2005இல் ‘மாதம் ஒரு மில்லியன்’ என்ற கணக்கை ஆரம்பித்தது. வட்டி 0.25 சதவீதம் மட்டுமே. மாதந்தோறும் ஒருவருக்குப் பத்து இலட்சம் ராண்ட் பரிசு. அதுவரை வங்கியில் சேமித்துப் பழகாத ஏழைகள் பலர் இதனால் சேமிக்கத் தொடங்கினார்கள் என்று பின்னர் ஆய்வாளர்கள் எழுதினார்கள். இத்திட்டங்களின் நல்ல பக்கம் அது. அதிர்ஷ்ட இலாபச் சீட்டு வாங்குபவரின் காசு அன்றே போய்விடும். இங்கே முதலாவது மிஞ்சும். ஆனால் அந்நாட்டின் தேசிய லொத்தர் சபை வழக்குத் தொடுத்தது. 2008இல் உச்ச மேன்முறையீட்டு நீதிமன்றம் அத்திட்டம் லொத்தர் சட்டத்துக்கு முரணானது எனத் தீர்ப்பளித்து, கணக்கு நிறுத்தப்பட்டது. முதல் திரும்பக் கிடைக்கிறது என்பதால் அது லொத்தர் அல்ல என்ற வங்கியின் வாதம் எடுபடவில்லை.

மார்க்க அறிஞர்கள் என்ன சொல்கிறார்கள்?

நான் ஆலிம் அல்ல. அறிஞர்களின் தீர்மானங்களை எடுத்துச் சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

வங்கியில் நாம் போடும் வைப்பு, முதலுக்கு வங்கி பொறுப்பு என்ற நிபந்தனையோடு இருந்தால், பிக்ஹ் பார்வையில் அது வங்கிக்கு நாம் கொடுக்கும் கடன். கடனுக்குப் பிரதியாக நிபந்தனையிட்டுப் பெறும் மேலதிகம் ரிபா. இதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. அந்த மேலதிகத்தை எல்லோருக்கும் கொடுக்காமல் சீட்டிழுத்துச் சிலருக்கு மட்டும் கொடுத்தால் என்ன தீர்ப்பு என்பதில்தான் விவாதம் நடந்தது.

இந்த விவாதத்தின் முக்கிய களம் எகிப்து. எகிப்தின் தேசிய வங்கி 1960களில் முதலீட்டுச் சான்றிதழ்களை மூன்று வகையாக வெளியிட்டது. முதல் இரண்டு வகைகளுக்கும் வட்டி. மூன்றாவதான ‘ஜீம்’ வகைக்கு வட்டி இல்லை, சீட்டிழுப்புப் பரிசு மட்டும். எகிப்தின் முப்தியாக இருந்த ஷெய்க் ஜாதுல் ஹக் முதல் இரண்டையும் வட்டி என்றார். மூன்றாவதை, பரிசு தருவதாக அளிக்கும் வாக்குறுதி என்ற வகையில் சேர்க்க இடமுண்டு என்றார். அவருக்குப் பின் முப்தியாக வந்த ஷெய்க் தன்தாவி 1989இல் இச்சான்றிதழ்களை அனுமதித்து பத்வா வழங்கினார். கலாநிதி யூசுப் அல்கர்ழாவி உள்ளிட்ட பலர் அதைக் கடுமையாக மறுத்தார்கள். ஆகவே, ‘பரிசு கூடும்’ என்று எமது சகோதரர்கள் எங்கோ கேள்விப்பட்டிருந்தால் அது ஆதாரமே இல்லாத பேச்சல்ல.

ஆனால் விடயம் அத்தோடு முடியவில்லை. ஜித்தாவைத் தலைமையகமாகக் கொண்ட சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி 1990 மார்ச்சில் தனது ஆறாவது அமர்வில் இதை ஆராய்ந்தது. வட்டிப் பத்திரங்களைப் போலவே பரிசுப் பத்திரங்களும் ஹராம் எனத் தீர்மானித்தது. அது இரண்டு காரணங்களைக் கூறியது. ஒன்று, கடன் கொடுத்த கூட்டத்தினருக்கு, அல்லது அவர்களில் இன்னார் என்று குறிக்கப்படாத சிலருக்கு, மேலதிகம் தருவதாக நிபந்தனையிடப்பட்ட கடன் இது. இரண்டு, சூதாட்டத்தின் சாயலும் இதில் உண்டு.

முதலாவது காரணத்தை மேலே போட்ட ஆயிரம் பேர் கணக்கோடு வைத்துப் பாருங்கள். பரிசு என்பது எல்லோருக்கும் சேர வேண்டிய வட்டியின் திரட்டு என்பதைக் கணக்கு வழியாகக் கண்டோம். அகடமி அதையே சட்ட வழியாகச் சொல்கிறது. வட்டியைத் தவிர்ப்பதற்காகச் சீட்டிழுப்புக் கணக்குக்குப் போகும் சகோதரர் வட்டியைத் தவிர்க்கவில்லை. வழமையாக அக்கணக்கிலும் கொஞ்சம் வட்டி வருகிறது. பரிசு விழுந்தாலோ பலரது வட்டி ஒன்றாகச் சேர்ந்து வருகிறது. அல்பகரா 275ஆம் வசனமும் அல்மாயிதா 90ஆம் வசனமும் எச்சரிக்கும் இரண்டு விடயங்களின் நிழலும் ஒரே கணக்கில் விழுகிறது.

சில முஸ்லிம் நாடுகளில் வேறு முயற்சிகளும் உண்டு. ஈரானின் 1983ஆம் ஆண்டு வட்டியற்ற வங்கிச் சட்டம், கர்ழ் ஹஸன் வைப்பாளர்களுக்கு முன்கூட்டி நிர்ணயிக்கப்படாத பரிசுகளை வழங்க அனுமதிக்கிறது. மலேசியாவில் பாங்க் இஸ்லாம் சீட்டிழுப்போடு கூடிய கணக்கை நடத்தியுள்ளது. எமது நாட்டில் இஸ்லாமிய நிறுவனம் ஒன்று அவ்வாறு பரிசு அறிவித்தால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். பரிசுக் காசு வைப்பாளரின் இலாபப் பங்கிலிருந்து எடுக்கப்படுகிறதா, நிறுவனத்தின் சொந்தப் பணத்திலிருந்தா? பரிசு ஒப்பந்தத்தின் நிபந்தனையா? ஷரீஆ மேற்பார்வைச் சபை எழுத்தில் அங்கீகரித்துள்ளதா?

நாம் பிடிக்கும் சீட்டும் இதுவும் ஒன்றா?

இந்த இடத்தில் வழமையாக ஒரு கேள்வி வரும். “சந்தையில் பத்துப் பேர் சேர்ந்து சீட்டுப் பிடிக்கிறோம். அதிலும் குலுக்கித்தானே எடுக்கிறோம்? அதுவும் ஹராமா?”

இரண்டும் ஒன்றல்ல. பத்துப் பேர் மாதம் பத்தாயிரம் வீதம் போடுகிறார்கள். மாதம் ஒருவர் ஓர் இலட்சம் எடுக்கிறார். பத்து மாதம் முடிய எல்லோரும் போட்டதும் ஓர் இலட்சம், எடுத்ததும் ஓர் இலட்சம். குலுக்கல் தீர்மானிப்பது யார் முதலில் எடுப்பது என்ற ஒழுங்கை மட்டும்தான். ஒருவரின் காசு மற்றவருக்குப் போகவில்லை. குலுக்கிப் பார்ப்பது தன்னளவில் தடுக்கப்பட்டதல்ல. நபி (ஸல்) அவர்கள் பயணம் செல்லும்போது எந்த மனைவியை அழைத்துச் செல்வது என்று சீட்டுக் குலுக்கியதாக ஸஹீஹான ஹதீஸ்களில் வந்துள்ளது.

ஆனால் ஏலச்சீட்டு வேறு. முதலில் எடுப்பதற்காக ஒருவர் ஓர் இலட்சத்தை எண்பத்தையாயிரத்துக்குக் கேட்டு, கழித்த பதினைந்தாயிரத்தை மற்றவர்கள் பிரித்துக்கொண்டால் அங்கே வட்டிப் பிரச்சினை நுழைகிறது. எமது வியாபாரிகள் இந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும்.

வியாபாரிக்கு உண்மையான நட்டம் எங்கே?

இனி இரண்டாவது சாராரின் கேள்விக்கு வருவோம். வட்டியா பரிசா, எது இலாபம் என்று அவர்கள் கேட்கிறார்கள். ஒரு வியாபாரிக்கு இந்த ஒப்பீடே போதாது என்பது எனது கருத்து. சம்பளம் எடுப்பவருக்குக் காசை வைக்க வங்கி ஒன்றுதான் வழி. வியாபாரிக்குக் கடையே ஒரு வழி.

உதாரணமாக, மா, சீனி, பருப்பு மொத்தமாக எடுக்கும் ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். மொத்த வியாபாரி இரண்டு விலை சொல்கிறார். ஒரு மாதத் தவணைக்குப் பின்திகதியிட்ட காசோலை கொடுத்தால் ஒரு விலை. கைக்காசு கொடுத்தால் நூற்றுக்கு இரண்டு ரூபா கழிவு. (விற்கும் நேரத்திலேயே ஒரு விலையை முடிவு செய்தால் தவணை விலை கூடியிருப்பது வியாபாரம்தான், வட்டி அல்ல என்பதே பெரும்பாலான அறிஞர்களின் நிலைப்பாடு.) கடைக்காரரின் ஐந்து இலட்சம் சீட்டிழுப்புக் கணக்கில் கிடக்கிறது. அவரோ ஐந்து இலட்சத்துக்குக் காசோலை எழுதுகிறார். கைக்காசில் எடுத்திருந்தால் அந்த மாதம் பத்தாயிரம் ரூபா மிச்சம். வருடத்தில் ஆறு மாதம் மட்டும் அப்படிச் செய்தாலும் அறுபதாயிரம்.

அதே ஐந்து இலட்சத்துக்கு 3 சதவீத வட்டி என்றால் வருடத்துக்குப் பதினையாயிரம். 1 சதவீதச் சீட்டிழுப்புக் கணக்கில் ஐயாயிரமும் ஒரு நம்பிக்கையும். ஹலாலான கழிவு அறுபதாயிரத்தை விட்டுவிட்டு இந்த ஐயாயிரத்துக்கும் நம்பிக்கைக்கும் காவல் இருப்பது எந்தக் கணக்கில் சரி? அதற்கு மேல், காசோலைத் திகதியன்று நடைமுறைக் கணக்கில் காசு போதாமல் மேலதிகப்பற்றுக்குப் போனால் அதற்கு வட்டி கட்டுவதும் நாமே. ஒரு கணக்கில் வட்டியைத் தவிர்ப்பதாக எண்ணி, இன்னொரு கணக்கில் வட்டி கட்டிய கடைகளையும் நான் பார்த்திருக்கிறேன்.

விலைவாசியையும் மறக்கக் கூடாது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டது. அதாவது, முந்திய வருடம் ஐந்து இலட்சத்துக்கு வாங்கிய பொருட்களை வாங்க சராசரியாக எட்டு இலட்சத்து நாற்பத்தொன்பதாயிரம் தேவைப்பட்டது. சேமிப்புக் கணக்கு வட்டியாலோ சிலருக்கு விழுந்த பரிசாலோ அந்த இடைவெளியை நிரப்ப முடியவில்லை. விலை பின்னர் அடங்கியது உண்மை. ஆனால் சும்மா கிடந்த காசு இழந்த பெறுமதி திரும்பி வரவில்லை. இதைச் சொல்வது பொருட்களைப் பதுக்கச் சொல்வதற்காக அல்ல. பதுக்கல் மார்க்கத்தில் தடுக்கப்பட்டது. சுழல வேண்டிய முதலை முடக்கி வைக்காதீர்கள் என்பதே எனது கருத்து.

என்ன செய்யலாம்?

எல்லாக் காசையும் சரக்கில் போடுவதும் புத்தியல்ல. எமது பகுதியில் இது முக்கியம். வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் கடல் கொந்தளித்தால் மீன்பிடி குறையும். மீன் வியாபாரம் மந்தமானால் அதை நம்பிய ஐஸ், எரிபொருள், வலைக் கடைகளிலும் சில்லறைக் கடைகளிலும் கடன் கொப்பி நிறையும். அந்த மாதங்களுக்கென்று கையில் காசு வேண்டும். ஆகவே காசை மூன்றாகப் பிரிக்கும்படி எனது வாடிக்கையாளர்களுக்குச் சொல்லி வருகிறேன்.

1. அன்றாடப் புழக்கக் காசு. இது நடைமுறைக் கணக்கில் இருக்கட்டும். வட்டியும் இல்லை, பரிசும் இல்லை. காசோலை திரும்பாமல் இருப்பதே இதன் பயன்.

2. மந்த காலத்துக்கான ஒதுக்கு. இரண்டு மூன்று மாதக் கடை வாடகை, சம்பளம், வீட்டுச் செலவு ஆகியவற்றைக் கணக்கிட்டு ஒதுக்குங்கள். இதை முழாரபா அடிப்படையிலான சேமிப்பில் வைக்கலாம். 2005ஆம் ஆண்டு வங்கிச் சட்டத் திருத்தம் இஸ்லாமிய வங்கி முறைக்கு வழி திறந்தது. 2011இல் அமானா வங்கி முழுமையான இஸ்லாமிய வங்கியாக இயங்கத் தொடங்கியது. வேறு பல வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் தனியான இஸ்லாமியப் பிரிவுகளை நடத்துகின்றன. இங்கே இலாப வீதம் முன்கூட்டியே உறுதி செய்யப்படுவதில்லை. கடந்த சில மாதங்களில் கொடுத்த வீதத்தைக் கேட்டு ஒப்பிடுங்கள்.

3. உபரி முதல். இதுதான் சீட்டிழுப்புக் கணக்கில் தூங்கும் காசு. கைக்காசுக் கொள்வனவு, கடனை நேரத்துக்கு முன் அடைத்தல், நம்பிக்கையான ஒருவரோடு எழுத்து மூலமான பங்கு வியாபாரம் ஆகியவற்றில் ஒன்றுக்கு இதைத் திருப்புங்கள்.

எந்த நிறுவனத்தில் காசு வைத்தாலும் மத்திய வங்கியின் அனுமதிப்பத்திரம் பெற்றதா என்று பாருங்கள். அவ்வாறான வங்கிகளிலும் நிதிக் கம்பனிகளிலும் வைப்புக் காப்புறுதி 2021 ஏப்ரல் முதல் ஒரு வைப்பாளருக்கு ஒரு நிறுவனத்தில் 11 இலட்சம் ரூபா வரை உண்டு. அனுமதி இல்லாத இடத்தில் ‘ஹலால் இலாபம்’ என்ற பெயரில் கொடுக்கும் காசுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

ஏற்கனவே சீட்டிழுப்புக் கணக்கு வைத்திருப்போர் பதற வேண்டியதில்லை. முதல் உங்களுடையது, அதை எடுத்து மேற்சொன்னவாறு பிரிக்கலாம். அக்கணக்கில் சேர்ந்த வட்டியையோ விழுந்த பரிசையோ என்ன செய்வது என்பதை உங்கள் ஊர் உலமாக்களிடம் அல்லது அகில இலங்கை ஜம்இய்யதுல் உலமாவிடம் விபரத்தோடு கேட்டு நடந்துகொள்ளுங்கள். அந்த முதலும் ஸகாத் கணக்கில் சேரும் என்பதையும் ஞாபகத்தில் வைத்திருங்கள். சேமிப்புத்தானே என்று அதை விட்டுவிட்டு ஸகாத் கணக்குப் பார்ப்போர் இன்னும் இருக்கிறார்கள்.

சாதாரண வட்டிக் கணக்கோடு ஒப்பிட்டால், சீட்டிழுப்புக் கணக்கு பெரும்பாலானோருக்கு அதைவிடக் குறைந்த வருமானத்தையே தருகிறது. மார்க்கத்தின் பக்கம் பார்த்தால் அது வட்டியிலிருந்து தப்பும் வழியும் அல்ல. இந்த வாரம் கடையை மூடியபின் உங்கள் கணக்குப் புத்தகங்களை ஒரு தடவை விரித்துப் பாருங்கள். அசையாமல் கிடக்கும் தொகை எவ்வளவு, அதே காலத்தில் நீங்கள் தவணை விலைக்கு வாங்கிய சரக்கு எவ்வளவு என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். விடை அதிலேயே இருக்கும்.

வல்ல அல்லாஹ் எமது வியாபாரங்களை ஹலாலாக்கி, அவற்றில் பரகத் செய்வானாக.